காற்றோட்டம் வைத்த ஸ்வெட்டர்

செங்கல்பட்டில் மே மாதம் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறவளைத் தெரு என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டு அம்மா நேராகவே கேட்டுவிட்டாள். "இன்னாக்கா, கத்திரி வெயில்ல உல்லனைக் கட்டிக்கினு உக்காந்துகினு கீறே? மண்ட கிண்ட காஞ்சிடுச்சா?"

குடும்பத்தோடு முக்திநாத் போகிறோம் என்றேன். நேபாளத்தில், பனிமலைப் பக்கம், பெருமாள் கோயில். அவள் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் சொன்னது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

முழு உண்மை இதுதான். என் மகள் பிரியா மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஹோட்டலில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். அதே ஹோட்டல் சமையலறையில் திலக் என்று ஒரு நேபாளத்துப் பையன் ஏழு வருடமாக மீன் வறுக்கிறான். கடலே இல்லாத நாட்டில் பிறந்தவன் வஞ்சிரத்துக்கு மசாலா தடவுகிற பக்குவத்தைப் பார்த்து இவள் சொக்கிப் போய்விட்டாள். கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் ஒரு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவர் அவர். ஒரு நாள் வேனை நிறுத்திவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார்: "வூட்டைப் பாக்காம பொண்ணு குடுக்க மாட்டேன். எவ்ளோ தூரமா இருந்தா இன்னா? போய்ப் பாத்துட்டு சொல்றேன்."

அவருடைய அக்கா மல்லிகா கடப்பாக்கத்தில் இருக்கிறார். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். அவர் கிழித்த கோட்டை இவர் தாண்டி நான் பார்த்ததில்லை. போனில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "போ. நல்லா பாரு. டீ குடி. ஆனா முடிவு சொல்ற வரைக்கும் அந்த வூட்ல கை நனைக்காத. சோத்தைத் தின்னுட்டா, அப்புறம் வேணாம்னு சொல்ல வாய் வராது."

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். பெண் பார்க்கப் போனாலும் சரி, மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனாலும் சரி, காபி, பஜ்ஜி, சொஜ்ஜியோடு எழுந்துவிட வேண்டும். உட்கார்ந்து சோறு சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம்.

நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். மே மாதம் அடுப்புக்கு விடுமுறை. அதனால் ஒவ்வொரு கோடைக்கும் பின்னுவதற்கு ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வேன். செங்கல்பட்டில் கம்பளி வேண்டியவர்கள் இரண்டே பேர்தான். ஒன்று, அன்றைக்குப் பிறந்த குழந்தை. மற்றது, மார்கழியில் நடைப்பயிற்சி போகிற பெரியவர். இதுவரை தலைக்குல்லாய்க்கு மேல் நான் போனதில்லை. இந்தக் கோடையில் நாலு ஸ்வெட்டர். எங்கள் மூன்று பேருக்கும் ஒவ்வொன்று, திலக்கின் அம்மாவுக்கு ஒன்று.

காலை ஒரு வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு, ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து பின்னினேன். கை வியர்த்து நூல் ஊசியில் ஒட்டும். வலைக்குக் கண்ணி இருப்பதுபோல ஸ்வெட்டருக்கும் கண்ணிதான் எல்லாம். வியர்த்த கையில் அது இறுகிக்கொண்டே போகும். முதல் ஸ்வெட்டரின் உடம்புப் பகுதியை அளவு பார்க்க ஏகாம்பரத்துக்கு மாட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "அய்யோ, வேகுதுடி! அவுத்துடு, அவுத்துடு!" என்று கத்தினார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மனிதர் உள்ளே புழுங்காமல் இருக்கக் காற்றோட்டம் வைத்தால் என்ன? பின்னியதைப் பிரித்து, நெஞ்சுக்குக் குறுக்கே, அக்குளுக்குக் கீழே, முதுகில் என்று வரிசை வரிசையாக ஓட்டை விட்டுப் பின்னினேன். நாலு ஸ்வெட்டரிலும் அப்படியே. எதிர்வீட்டு அம்மா கையில் வாங்கி ஃபேனுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "சூப்பரா கீதுக்கா. நல்லா காத்து வரும்." எங்கே போகிறோம் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நாலாவது ஸ்வெட்டருக்கு ஒரு கை பாக்கி இருக்கும்போது ஏகாம்பரம் நிறுத்தச் சொன்னார். "அந்தம்மாக்குத் தானே? முடிவாவட்டும், அப்புறம் பின்னலாம்." ஒற்றைக் கை ஸ்வெட்டர் அப்படியே ஊசியோடு பைக்குள் போனது. கூடவே ஒரு தூக்கு முறுக்கு, ஒரு டப்பா எள்ளடை, பருப்புப் பொடி.

காத்மாண்டில் இறங்கிய முதல் நாள் எனக்கு வியப்பாக இருந்தது எங்களைக் கூட்டிப்போன திலக்தான். மாமல்லபுரத்தில் யாரைப் பார்த்தாலும் குனிந்து சிரிக்கிற பையன், இங்கே நிமிர்ந்து நடந்தான். டாக்சிக்காரனிடம் அவன் பாஷையில் பொரிந்து தள்ளிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, "பேஜாரு புடிச்சவன் அங்கிள், ஏமாத்தப் பாக்குறான்" என்றான். வெளிநாட்டில் எங்கள் ஊர்ப் பேச்சு பேசுகிற ஒரே ஆள் அவன்தான் என்பது ஏகாம்பரத்துக்கும் உறைத்திருக்க வேண்டும். ஆனால் வாயைத் திறந்து அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "அந்தப் பையன்"தான்.

மத்தியானம் மோமோ வந்தது. ஆவியில் வெந்த கொழுக்கட்டை, உள்ளே கோஸும் வெங்காயமும், தொட்டுக்கொள்ளச் சிவப்புச் சட்னி. "புள்ளையாருக்குக் காரம் போட்டு வச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே ஏகாம்பரம் இரண்டு தட்டு சாப்பிட்டார். ஹோட்டலில் சாப்பிடத் தடையில்லையே.

மறுநாள் பொக்காரா வரை பேருந்து, அதற்கடுத்த நாள் ஜீப். அந்த ஜீப் பயணத்தைப் பற்றி நான் என்ன சொன்னாலும் கடப்பாக்கத்தில் யாரும் நம்பவில்லை. ஒரு பக்கம் தலைக்கு மேல் பாறை. இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. எட்டிப் பார்த்தால் எங்கேயோ கீழே சாம்பல் நிறத்தில் ஆறு. நான் கண்ணை மூடிக்கொண்டேன், பிறகு பார்க்காமல் இருக்க முடியாமல் திறந்தேன். இப்படியே ஏழு மணி நேரம்.

ஏகாம்பரம் முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஈசிஆர் சாலையில் அவரை யாரும் முந்திப் போய்விட முடியாது என்று பெயர். அன்றைக்கு அந்த மனிதர் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. ஒரு ஓடை சாலையின் குறுக்கே பாய்ந்த இடத்தில் ஜீப் மாட்டிக்கொண்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார். தண்ணீர் காலை அறுத்தது. வண்டி ஏறி வந்ததும் டிரைவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "அண்ணாத்த, நீ மனுசனே இல்ல."

டிரைவர் திலக்கிடம் ஏதோ கேட்டார். திலக் சொன்னான், "அவரு கேக்குறாரு அங்கிள், உங்க ஊர்ல ரோடு நேரா இருக்குமாமே, ஓட்டும்போது தூக்கம் வராதான்னு."

ஏகாம்பரம் சிரித்தார். இந்தக் கல்யாணப் பேச்சு வந்ததிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் மேகம் மூடியிருந்தது. சாலையோர விடுதி வாசலில் நின்றபடி திலக் எதிரே கையைக் காட்டி, அந்தப் பக்கம் நீலகிரி என்று ஒரு மலை இருக்கிறது என்றான். "நீலகிரியா? அதுக்கு நேரா ஊட்டிக்கே போயிருக்கலாமே" என்றார் இவர். நான் மேகத்துக்கு நடுவில் மலையைத் தேடினேன். எங்கள் ஊரில் மலை என்றால் கண்ணுக்கு நேரே இருக்கும். திருக்கழுக்குன்றத்தைப் பார்க்கத் தலையை எவ்வளவு தூக்குவோமோ அவ்வளவு தூக்கித் தேடினேன். திலக் மெதுவாகச் சொன்னான், "ஆன்ட்டி, இன்னும் மேல பாருங்க."

தலையை இன்னும் தூக்கினேன். மேகத்துக்கு மேலே, வானம் என்று நான் நினைத்திருந்த இடத்தில், வெள்ளையாக மலை நின்றது. அவ்வளவு உயரத்தில் தரை இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கை தானாகக் கும்பிட்டது. பிரியா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஏகாம்பரம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "யப்பா" என்று மட்டும் சொன்னார். ஊட்டிப் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை.

மறுநாள் காலை திலக்கின் வீட்டுக்குப் போனோம். விடுதியிலிருந்து பக்கவாட்டில் ஒரு மண் பாதை, ஜீப்பில் முக்கால் மணி நேரம். திட்டம் சுலபமானது. வீட்டைப் பார்ப்பது, டீ குடிப்பது, மாலையில் விடுதிக்குத் திரும்புவது, மறுநாள் முக்திநாத். பெட்டிகளை விடுதியிலேயே விட்டுவிட்டோம். எடுத்துப்போனது முறுக்குத் தூக்கும் என் பின்னல் பையும்தான்.

கல்லை அடுக்கிக் கட்டிய வீடு, தட்டையான மொட்டைமாடி. மாடிச் சுவரைச் சுற்றி விறகை அழகாக அடுக்கியிருந்தார்கள். பின்னால் ஆப்பிள் மரங்கள், இரண்டு மாடு. திலக்கின் அம்மா வாசலில் நின்றிருந்தார். என் தோள் உயரம்தான் இருப்பார். கன்னம் வெயிலிலும் காற்றிலும் சிவந்து கிடந்தது. திலக்குக்கு அப்பா இல்லை, ஐந்து வருடத்துக்கு முன் போய்விட்டார். அந்த அம்மா தனியாகத்தான் மாட்டையும் மரத்தையும் பார்த்துக்கொள்கிறார். அவரை அங்கே எல்லோரும் 'ஆமா' என்று கூப்பிட்டார்கள். அவர்கள் பாஷையில் அம்மா.

மத்தியானத்துக்கு முன்னால் காற்று கிளம்பியது. அந்தப் பள்ளத்தாக்கில் தினமும் அப்படித்தானாம். கடற்கரையில் வளர்ந்தவள் நான், காற்று எனக்குப் புதிதில்லை. ஆனால் இது என் ஸ்வெட்டரின் ஒவ்வொரு ஓட்டையையும் எண்ணி எண்ணி உள்ளே நுழைந்தது. மூன்று பேரும் வரிசையாக நின்று நடுங்கினோம். ஆமா என் பக்கத்தில் வந்தார், நெஞ்சுக்குக் குறுக்கே இருந்த ஓட்டையில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார், ஏதோ கேட்டார்.

திலக் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "ஆமா கேக்குறாங்க, இது குளிர் உள்ள வர்றதுக்கு வச்ச வழியான்னு."

காற்றோட்டத்துக்கு வைத்தது, எங்கள் ஊரில் அப்படி ஒரு வெயில் என்றேன். திலக் அதைச் சொன்னதும் ஆமா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு மானம் போனது. பிறகு நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

டீ வந்தது, உலர்ந்த ஆப்பிள் துண்டுகள் வந்தன. அதன் பிறகு நான் பயந்தது வந்தது. வெண்கலத் தட்டில் சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, முள்ளங்கி ஊறுகாய். ஆவி பறக்க மூன்று தட்டு.

ஏகாம்பரம் இரண்டு கையையும் கூப்பினார். "டீயே போதும்மா. வவுறு நெறைஞ்சிடுச்சி."

நானும் அவர் பக்கம் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். பிரியா அப்பாவையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டாள். "எனக்குப் பசிக்குதுப்பா. நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன்." அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை இவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமா மற்ற இரண்டு தட்டையும் எடுத்துப்போனார்.

தினமும் ஒரு பள்ளிக்கூடத்துக்கே சோறு போடுகிறவள் நான். சாப்பிடாத தட்டு திரும்பிப் போவதைப் பார்த்தால் என் வயிறு எரியும். அன்றைக்கு அந்தத் தட்டைத் திருப்பி அனுப்பினவளே நான்தான்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஜீப்காரர் போன் செய்தார். மேலே எங்கேயோ பெய்த மழையில் பாதையில் மண் சரிந்துவிட்டது. சரிசெய்ய இரண்டு நாள் ஆகலாம். விடுதிக்கு நடந்து போகலாம்தான், ஆனால் சரிந்த மண்ணைத் தாண்டிப் போக வேண்டும். ஆக, மூன்று பேரும் அந்த வீட்டில்தான்.

மொட்டைமாடியின் ஒரே ஒரு மூலையில்தான் போனில் சிக்னல் கிடைக்கும். ஏகாம்பரம் விறகைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்று அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா என்ன கேட்டிருப்பார் என்று இவர் பதிலில் தெரிந்தது. "இல்லக்கா. முறுக்குதான் தின்னேன். இல்லக்கா, சோறு தின்னல."

ஊரில் யார் போன் செய்தாலும் முதல் கேள்வி 'சாப்ட்டியா' தான். அதை ஒரு காவல் வேலையாக்கியது மல்லிகா அண்ணி ஒருவர்தான்.

அடுத்த நாள் காலை மலையைப் பார்க்க மாடிக்குப் போனேன். மேகம் துளிகூட இல்லை. வெள்ளை மலைமேல் முதலில் ஒரு நுனியில் மட்டும் வெயில் பட்டது, பிறகு மஞ்சள் நிறம் மெதுவாகக் கீழே இறங்கி வந்தது. எந்தச் சத்தமும் இல்லை. மாமல்லபுரத்துக் கடலில் சூரியன் வரும்போது அலையும் படகும் ஆட்களுமாக ஒரே கூச்சலாக இருக்கும். இங்கே இவ்வளவு பெரிய காரியம் சத்தமில்லாமல் நடக்கிறது. எனக்குக் காரணமில்லாமல் அழுகை வந்தது.

ஆமா மாட்டை ஓட்டிக்கொண்டு கீழே போய்க்கொண்டிருந்தார். இடுப்பில் நூல் உருண்டை, கையில் ஊசி. நடந்துகொண்டே பின்னுகிறார்! ஏற்றம், இறக்கம், கல், சாணி எதையும் குனிந்து பார்க்கவில்லை. நான் நாற்காலி, ஃபேன், வாளித் தண்ணீர் எல்லாம் கேட்கிறவள். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் திரும்பி வந்ததும் இருவரும் மாடியில் வெயிலுக்கு உட்கார்ந்தோம். பாஷை இல்லை, ஊசி இருந்தது. பையிலிருந்து ஒற்றைக் கை ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது யாருக்கு என்று சொல்லவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் பாக்கி இருந்த கையில் நாலு வரி பின்னிப் பார்த்தேன். கை காய்ந்து கிடந்தது, நூல் வழுக்கிக்கொண்டு ஓடியது. செங்கல்பட்டில் பின்னிய வரி இறுக்கமாகவும் இங்கே பின்னிய வரி தொளதொளவென்றும் வந்தது. ஆமா அதைத் தொட்டுப் பார்த்தார், என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார், தலையை ஆட்டினார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மத்தியானம் மறுபடி தட்டு வந்தது. மறுபடி இவர் கும்பிட்டார். இந்த முறை நான் திலக்கைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வழக்கம் அப்படி, உங்கம்மா மனம் நோகக்கூடாது என்றேன்.

"ஆன்ட்டி, ஏழு வருசம் அங்க கீறேன், எனக்குத் தெரியாதா?" என்றான். "ஆமாகிட்டயும் சொல்லிட்டேன். அதுக்கு அவுங்க இன்னா சொன்னாங்க தெரியுமா? பொண்ணு பெத்தவரு, யோசிக்கட்டும். ஆனா சோத்து வேளைக்கு வூட்ல ஆள் இருந்தா நான் தட்டு வைக்காம இருக்க முடியாதுன்னாங்க." பிறகு சொன்னான், "இங்க நெல்லு வெளையாது ஆன்ட்டி. நீங்க சோறு துன்றவங்கன்னு கீழேர்ந்து அரிசி சுமந்துகினு வந்தாங்க."

நான் போய் இவரிடம் அதைச் சொன்னேன். காற்று ஆரம்பித்திருந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் குறுகி உட்கார்ந்திருந்தார். ஆமா அவர் எதிரே வந்து நின்று, ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். துவைக்கத்தான் கேட்கிறார் போல என்று நினைத்து இவரும் கழற்றிக் கொடுத்துவிட்டு, என் சால்வையைப் போர்த்திக்கொண்டார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்து பிரியாவே சிரித்துவிட்டாள். அன்றைய போனிலும், "முறுக்குதான்க்கா. முறுக்கும் தீரப்போவுது."

மூன்றாம் நாள் காலை ஸ்வெட்டர் வந்தது. ஆமா அதைத் துவைக்கவில்லை. நெஞ்சிலும் முதுகிலும் அக்குளிலும் நான் விட்ட ஓட்டை ஒவ்வொன்றையும் பழுப்புக் கம்பளி நூலால் குறுக்கும் நெடுக்குமாக நெய்து அடைத்திருந்தார். என் பச்சை ஸ்வெட்டரில் இப்போது பழுப்பு வரிகள். ஏகாம்பரம் மாட்டிக்கொண்டு, கையை ஆட்டிப் பார்த்து, வாசலுக்குப் போய்க் காற்றில் நின்று பார்த்தார். "குளிரலடி" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

நான் தையலைப் பார்க்கக் கிட்டே போனேன். அப்போதுதான் கவனித்தேன். அந்தப் பழுப்பு நூல் நேராக இல்லை. பின்னலை அவிழ்த்துவிட்ட முடி போல நெளி நெளியாக இருந்தது. பின்னுகிற எவளுக்கும் இது தெரியும். புது நூல் நேராக இருக்கும். வெகுநாள் ஸ்வெட்டராக இருந்ததைப் பிரித்தால்தான் நூலில் இப்படி நெளிவு நிற்கும். துவைத்துக் காயவைத்தால் அது போய்விடும். அதற்கு ஆமாவுக்கு நேரம் இருந்திருக்காது.

திலக்கிடம் போனேன். "ஆமா எதைப் பிரிச்சாங்க?"

அவன் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "அப்பா ஸ்வெட்டரு ஆன்ட்டி. கோவேறு கழுதை ஓட்டிக்கினு மேல போவும்போது போட்டுப்பாரு. அவுரு துணியில அது ஒண்ணுதான் ஆமா வச்சிருந்தாங்க. இந்தக் காத்துக்கு வேற நூல் தாங்காதுன்னாங்க."

சொல்வதா வேண்டாமா? இறந்தவர் துணி என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு கூச்சம் உண்டு. மல்லிகா அண்ணி கேட்டால் அன்றைக்கே எரிக்கச் சொல்வார். இவர் கழற்றி எறிந்துவிட்டால், அந்த அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? என் மகள் கல்யாணமும் அதோடு சரி. ஆனால் தெரியாமல் போட்டுக்கொண்டு ஊருக்குப் போவதும் நியாயமாகப் படவில்லை. போய்ச் சொன்னேன். நூலின் நெளிவைக் காட்டி, இது பிரித்த நூல், யாருடையது, என்ன என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

ஏகாம்பரம் கையில் கடைசி முறுக்கு இருந்தது. குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். ஒரு பழுப்பு வரியை விரலால் தடவினார். ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. முறுக்கைத் தூக்கிலேயே போட்டு மூடினார். அதன் பிறகு மத்தியானம் வரை ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாடியிலிருந்து பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவரை அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சோற்று வேளைக்கு வழக்கம்போல மூன்று தட்டு வந்தது. பிரியா உட்கார்ந்தாள். ஆமா இவர் முன்னால் தட்டை வைத்துவிட்டு, திருப்பி எடுப்பதற்காக ஓரமாக நின்றார். அதற்குள் பழகிவிட்டது அவருக்கு.

"திலக்கு" என்றார் ஏகாம்பரம். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. "கை கழுவ தண்ணி எங்கப்பா கீது?"

பிரியாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. திலக் ஓடிப்போய் வாசல் குழாயைக் காட்டினான். பனி உருகி வருகிற தண்ணீர். இவர் அதில் கையை நீட்டி, "யம்மாடி!" என்று ஒரு துள்ளு துள்ளினார். வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பருப்பை ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். என்னைப் பார்த்து, "நீ இன்னாடி வேடிக்கை பாத்துகினு கீறே? ஆறுது, துன்னு" என்றார்.

நான் உட்கார்ந்தேன். அந்தச் சோற்றின் ருசியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்த வாய்க்கு எதுவும் ருசிக்கும் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆமா கரண்டியும் பாத்திரமுமாக இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, தட்டில் குழி விழ விழச் சோறு போட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் முறை இவர் கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தும் விடவில்லை. பிரியா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள்.

சாப்பிட்டு எழுந்ததும் நான் பையைத் திறந்தேன். ஒற்றைக் கை ஸ்வெட்டரை ஆமாவின் தோளில் வைத்து அளவு பார்த்தேன். அப்போதுதான் அது யாருக்கு என்று அவருக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே இருந்த ஓட்டை வரிசையில் விரலை விட்டுக் காட்டி, மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

மேலே மாடியில் ஏகாம்பரம் போன் போடும் சத்தம் கேட்டது. வேகமாகப் படியேறிப் போனேன். சிக்னல் மூலையில், விறகுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். காற்று அடித்துக்கொண்டிருந்தது, ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டார். அக்கா பேச்சு நன்றாகக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"இன்னாடா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா" என்றார். "சம்பந்தி வூட்ல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று இவர் போனைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். அப்புறம் மல்லிகா அண்ணியின் குரல் வந்தது.

"சோறு எப்டிடா இருந்துது?"